இரண்டு மேக்னெட்டோவும் ஒரு வாளித் தண்ணீரும்

இடது பக்கம் முந்நூறு சுற்று இறங்கியது. மெக்கானிக் ஜீலாலிக்கு உள்ளுக்குள் ஏகத் திருப்தி. முகத்தில் மட்டும் இழவு வீட்டுக் களையை வரவழைத்துக்கொண்டார்.

“போச்சு ஐயா! இடது மேக்னெட்டோ போச்சு!” என்று என்ஜின் இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

பக்கத்தில் ஓட்டுநர் இருக்கையில் இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி தாமி (ஊர் மரியாதைக்குச் சீ தாமி) திடுக்கிட்டுத் திரும்பினார்.

“இடதா? என்னப்பா சொல்ற? இடது எப்படிப் போகும்?”

“முள்ளு அப்படித்தான் சொல்லுது.”

“வலதைப் பாரு. முதல்ல வலதைப் பாரு.”

ஜீலாலி சாவியை வலதுக்குத் திருப்பினார். இருநூற்றைம்பது இறங்கியது. இப்போது அவர் முகத்தில் வந்த களை நிஜக் களை. வலது மேக்னெட்டோவை அவர் தொடவே இல்லை.

மேக்னெட்டோ ஒன்றும் பெரிய மாயமில்லை. இந்த மாதிரிப் பழைய சின்ன விமானங்களில், ஸ்பார்க் பிளக்கில் பொறி விழுவதற்கு பேட்டரியை நம்புவதில்லை. என்ஜின் சுழலும்போதே தானாக மின்சாரம் உண்டாக்கி அனுப்பும் இரண்டு சின்னப் பெட்டிகள் இருக்கும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நடுவானில் ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அதனால் கிளம்புவதற்கு முன்னால் சாவியைத் திருப்பி ஒவ்வொன்றையும் தனியாக ஓடவிட்டுப் பார்ப்பார்கள். வேகம் நூற்றைம்பது சுற்றுவரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால், நீதிபதியே ஆனாலும் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தாத்லா சமவெளியின் அந்தப் பறக்கும் சங்கத்துக்கு இருந்தது ஒரே விமானம். மரமும் துணியுமாக, அறுபது வயதான இரண்டு இருக்கை விமானம். சங்கத்தில் எல்லோரும் அதைக் கோவேறு கழுதை என்றுதான் சொல்வார்கள். காலையில் உதைக்கும், மதியம் சொன்னபடி கேட்கும், சாயங்காலம் நின்ற இடத்திலேயே நிற்கும். முப்பது வருடமாக அதற்கு வைத்தியர் ஜீலாலி. அந்த முப்பது வருடத்தில் அவர் தன் கையால் அதைக் கெடுத்தது இந்தப் புதன்கிழமை காலையில்தான். இடது மேக்னெட்டோவிலிருந்து வயர் போகும் ஒரு நல்ல பிளக்கைக் கழற்றிவிட்டு, கரி பிடித்துச் செத்த பழைய பிளக் ஒன்றை அங்கே சொருகி வைத்திருந்தார்.

காரணம் சீ தாமியின் கண்.

ஒரு வருடமாகவே அவருக்குப் பார்வை சரியில்லை. போன வருடமே ஒரு நாள் எரிபொருள் பீப்பாயைப் பார்த்து, “சலாம் அலைக்கும், வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரித்தார். ஓடுபாதையின் ஓரத்தில் படுத்திருந்த ஆடுகளை வெள்ளைக் கல் என்று நினைத்து, அவற்றை ஒட்டி விமானத்தைத் திருப்பப் போனார். கல் எழுந்து ஓடியது. கண் டாக்டரின் சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையை மட்டும் பத்து வருடமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார். டாக்டரும் பலகையை மாற்றவில்லை. அவருக்கே எழுபது வயது.

இதுவரை ஜீலாலி சமாளித்துவிட்டார். “என்ஜின்ல ஒரு சத்தம் வருது, கூட வந்து கேக்கறேன் ஐயா,” என்று சொல்லிச் சொல்லி, ஒரு வருடமாக ஒவ்வொரு முறையும் வலது இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். உயரம், வேகம் எல்லாவற்றையும் தனக்குத்தானே பேசிக்கொள்வது போல உரக்கப் படிப்பார். “அடடே, ஆயிரத்து இருநூறு அடி. அடடே, எதிர்ல ஒரு மின்கம்பி.” சீ தாமியும் அதைக் கேட்டுக் கேட்டு அழகாகக் கொண்டுவந்து இறக்கிவிடுவார். கை தேர்ந்த கைதான். கண்தான் இல்லை.

ஆனால் வருகிற சனிக்கிழமை அந்த வலது இருக்கை ஜீலாலிக்கு இல்லை. நாற்பதாவது கல்யாண நாள் விருந்தில், ஐந்தாவது தம்ளர் புதினா டீயின் தெம்பில், நீதிபதி எழுந்து நின்று ஊர் முன்னால் சொல்லிவிட்டார். “இந்த மாசக் கடைசிச் சனிக்கிழமை, லல்லா பத்தூலை நானே கூட்டிக்கிட்டுப் பறந்து, அவ அப்பாவோட ஆரஞ்சுத் தோப்பை மேலேருந்து காட்டப் போறேன்!” பெண்கள் குலவையிட்டார்கள். அவர் மனைவி லல்லா பத்தூல் “சரி” என்று மட்டும் சொன்னார். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொள்கிற பெண்மணி என்பது அவருடைய கணவர் எல்லோரிடமும் சொல்லும் கதை.

உங்களுக்குக் கண் தெரியவில்லை என்று நீதிபதியின் முகத்துக்கு நேரே சொல்லலாம். ஜீலாலிக்கு அந்தத் தைரியம் வரவில்லை. முப்பது வருடம் ஒரே தட்டில் ரொட்டி பிய்த்துத் தின்ற மனிதர். அவரிடமிருந்து ஆகாயத்தைப் பிடுங்குகிற வாய் தன் வாயாக இருக்கக் கூடாது என்று நினைத்தார். மேக்னெட்டோ சொல்லட்டும், அதற்குத்தான் மானரோஷம் கிடையாது.

இருவரும் கீழே இறங்கினார்கள்.

“ரெண்டும் போயிருச்சா?” என்றார் சீ தாமி. குரலில் துக்கம் இருந்தது. ஆனால் கால் மட்டும் ஏனோ லேசாகத் துள்ளியது.

“ரெண்டும்தான் ஐயா. உள்ள பாயின்ட், கண்டென்சர், எட்டு பிளக்கு, எல்லாமே மாத்தணும். வெளிநாட்லேருந்து வரணும். ரெண்டு மாசம் ஆகும்.”

“ரெண்டு மாசமா!” என்று மார்பில் கை வைத்தார் நீதிபதி. “இறைவன் விருப்பம். பாவம் பத்தூல், எவ்வளவு ஆசையா இருந்தா. நாம என்ன பண்ண முடியும்? அவசரமே இல்ல. நிதானமாப் பாரு.”

கொட்டகை வாசலில் காவலாளி ஹம்மாதி ஒரு சிவப்பு வாளியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். சங்கத்தில் யாராவது முதன்முறை தனியாக விமானம் ஓட்டி இறங்கினால், அவர் தலையில் ஒரு வாளி தண்ணீரைக் கவிழ்ப்பது வழக்கம். அந்த வாளிக்கு அதிபதி ஹம்மாதி. போன முறை பல் டாக்டரின் தலைக்குக் குறிவைத்து என்ஜின் மேல் ஊற்றிவிட்டான். மேக்னெட்டோ ஈரமாகி மூன்று நாள் இருமியது.

“டேய், யாருடா தனியாப் பறக்கப் போறா? எதுக்கு வாளி?” என்று எரிந்து விழுந்தார் ஜீலாலி.

“லல்லா பத்தூல் சனிக்கிழமைக்குக் கழுவி வைக்கச் சொன்னாங்க மாலெம்.” கைவேலைக்காரர்களை அங்கே அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவார்கள், பெண்களை லல்லா என்பது மாதிரி. “எனக்கும் கை அரிக்குது. காஸாபிளாங்கா சங்கத்துல எங்க மச்சானுக்கும் இதே வேலைதான். அங்க மாசம் நாலு வாளி. இங்க வருஷத்துக்கு ஒண்ணு. இதெல்லாம் ஒரு பொழப்பா?”

ஜீலாலி நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தரையைப் பார்த்தார்.

“வாந்தி வந்தா பிடிக்கறதுக்கா இருக்கும்,” என்றார் சீ தாமி மெதுவாக. “பஸ்ல போனாலே அவளுக்கு ஒத்துக்காது. பாவம், அவ்வளவு பயத்துலயும் எனக்காக வரேங்கறா பாரு.”

சொல்லி வைத்தாற்போல் லல்லா பத்தூலின் கார் வந்து நின்றது. அறுபத்திரண்டு வயது. மூச்சு வாங்காமல் நடப்பார், சிரிக்காமல் கேலி பேசுவார். ஒவ்வொரு புதன்கிழமையும் காஸாபிளாங்காவில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் தானே காரோட்டிக்கொண்டு போவார். போகிற வழியில் சங்கத்துக்கு ஒரு தூக்கு நிறைய ஆட்டுக்கறியும் உலர்ந்த பிளம்ஸ் பழமும் போட்ட குழம்பு இறங்கும்.

“என்ன, ரெண்டு பேரும் மையத்தை அடக்கம் பண்ணிட்டு வந்த மாதிரி நிக்கறீங்க?”

“மேக்னெட்டோ போயிருச்சு பத்தூல். ரெண்டுமே,” என்றார் சீ தாமி.

“எத்தனை சுத்து இறங்குது?”

“இடது முந்நூறு, வலது இருநூத்தம்பது,” என்றார் ஜீலாலி. சொன்ன பிறகுதான், இந்தக் கேள்வி இந்த வாயிலிருந்து வருகிற கேள்வியா என்று தோன்றியது. நாற்பது வருடம் ஒரு விமானக் கிறுக்கனோடு குடித்தனம் நடத்தினால் சுவர்கூடச் சுற்று எண்ணும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார்.

“பிளக்குல கரி இருக்கான்னு பாத்தீங்களா தம்பி?”

“ப... பாத்தேன் லல்லா. அது இல்ல. உள்ளுக்குள்ள கோளாறு. சாமான் வெளிநாட்லேருந்து வரணும். ரெண்டு மாசம் ஆகும்.”

“சாமான் பேரையும் நம்பரையும் ஒரு காகிதத்துல எழுதுங்க. இப்ப காஸாபிளாங்காவுக்குத்தானே போறேன்.”

“அது சாதாரணக் கடைல கிடைக்காது லல்லா.”

“எழுதுங்க.”

எழுதினார். நம்பரைத் தப்பாக எழுதலாமா என்று ஒரு கணம் நினைத்தார். ஆனால் முப்பது வருடமாகச் சரியாக எழுதிப் பழகிய கை. அதுபாட்டுக்குச் சரியாக எழுதிவிட்டது.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு, கார் டிக்கியிலிருந்து லல்லா பத்தூல் ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு ஜோடி பாயின்ட், இரண்டு கண்டென்சர், எட்டு பிளக். எல்லாம் முத்திரை உடையாத பெட்டிகள்.

“எங்க கிடைச்சுது லல்லா?” என்று ஈனக் குரலில் கேட்டார் ஜீலாலி.

“தங்கச்சி வீட்டுப் பக்கத்துல,” என்றார் அவர்.

பின்னால் நின்ற சீ தாமி, “அல்ஹம்துலில்லாஹ்,” என்றார். பரீட்சை தள்ளிப்போகவில்லை என்று கேள்விப்பட்ட மாணவன் மாதிரி இருந்தது அந்த அல்ஹம்துலில்லாஹ்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஜீலாலி என்ஜின் மூடியைத் திறந்தார். முதலில் வலதைப் பார்த்தாக வேண்டும். இடது தன் திருட்டு. வலது யார் திருட்டு? பார்த்தால், வலது மேக்னெட்டோவின் ஒரு பிளக் வயர் திருகு மூன்று சுற்று தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குத் திக்கென்றது. போன மாதம் அதைத் தன் கையால் இறுக்கியிருந்தார்.

“ஹம்மாதி, உன் கோழி எதாவது உள்ள போச்சாடா?”

“கோழி எப்படி மாலெம் ஸ்பேனர் பிடிக்கும்?”

ஆக, வயசாகிவிட்டது. இறுக்க மறந்துவிட்டோம். சீ தாமிக்குக் கண் போன மாதிரி தனக்குக் கை போய்விட்டது. ஜீலாலி கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தத் திருகையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவருக்குக் குழி வெட்டப் போய்த் தன் குழி கண்ணில் பட்ட கதையாகிவிட்டது. பிறகு எழுந்து அதை இறுக்கினார்.

மேக்னெட்டோக்களைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்தார். பாயின்ட் மாற்றினார், கண்டென்சர் மாற்றினார். இடைவெளியைத் தகடு வைத்து அளந்தார். ஏதாவது ஒன்றைக் கோணலாக மாட்டிவிடு என்று மனம் சொன்னது. கை கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மாட்டினாலும் சரியாகவே போய் உட்கார்ந்தது. இப்படி ஒரு நல்ல கையை வைத்துக்கொண்டு மனிதன் எப்படித்தான் அயோக்கியத்தனம் பண்ணுவது என்று அலுத்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது எட்டு பிளக். அங்கேதான் அவருக்கு யோசனை வந்தது.

விமான மெக்கானிக்குகளிடம் ஒரு சட்டம் உண்டு. கீழே விழுந்த பிளக்கை மாட்டக் கூடாது. பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே பீங்கானில் மயிரிழை விரிசல் விட்டிருக்கும், மூவாயிரம் அடியில்தான் தெரியும். விழுந்தால் குப்பைக்கு. பேச்சே கிடையாது.

ஜீலாலி ஒரு பிளக்கை எடுத்தார். பிஸ்மில்லா என்றார். விரலைத் தளர்த்தினார். டொக்.

“அய்யய்யோ!”

அதே நேரம் உள்ளே வந்த சீ தாமி, “என்னப்பா சத்தம்?” என்றார்.

“பிளக்கு விழுந்துருச்சு ஐயா. இனி இது ஆகாது. இன்னும் ஏழுதான் இருக்கு. எட்டு இல்லாம ஓட்ட முடியாது.”

“அடடா, ஆகாதா? எங்க, மத்தது எல்லாம் நல்லா இருக்கா, நான் பாக்கறேன்.” நீதிபதி ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். டொக். “அடச்சே! கை நடுங்குதுப்பா.”

“பரவால்ல ஐயா. இப்படிக் கொடுங்க அந்தப் பெட்டிய.” டொக்.

“நீ நகரு. நான் மேசை மேல வச்சிடறேன்.” டொக். டொக்.

“ஒரே சமயத்துல ரெண்டா ஐயா?”

“பெட்டி வழுக்குது. எண்ணெய்க் கையால தொட்டியா நீ?”

பத்து நிமிடத்தில் எட்டும் தரையில் கிடந்தன. இரண்டு பேரும் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். இவ்வளவு சந்தோஷமாக யாரும் மன்னிப்புக் கேட்டு ஹம்மாதி பார்த்ததில்லை. அவன் எட்டையும் பொறுக்கித் தன் சிவப்பு வாளியில் போட்டுக்கொண்டு போனான்.

மதியம் லல்லா பத்தூல் வந்து வாளியை எட்டிப் பார்த்தார்.

“எட்டுமா?”

“எட்டும்தான் லல்லா,” என்றார் ஜீலாலி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“நெனச்சேன்.” கைப்பையைத் திறந்து இன்னொரு பெட்டியை எடுத்தார். “உங்க ரெண்டு பேர் கையப் பத்தி எனக்குத் தெரியாதா? நேத்தே ரெண்டு செட்டா வாங்கிட்டேன். நான் இங்கயே உக்காந்திருக்கேன். மாட்டுங்க தம்பி.”

ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தே விட்டார். காற்றாடியை மெல்லத் திருப்பி, சின்ன விளக்குப் பெட்டியை மாட்டி, பொறி விழ வேண்டிய கணத்தில் விளக்கு எரிகிறதா என்று ஜீலாலி இரண்டு மேக்னெட்டோவையும் சரிபார்த்து முடிக்கும்வரை கண்ணை எடுக்கவில்லை. சாயங்காலம் கோவேறு கழுதை குற்றம் குறை இல்லாமல் நின்றது. சீ தாமி அதைத் தடவிக் கொடுத்து, “அருமை, அருமை,” என்றார். அவர் தடவியது பக்கத்தில் நின்ற ஏணியை.

வெள்ளிக்கிழமை. தொழுகை முடிந்து, ஊரே கூஸ்கூஸ் சாப்பிட்டுவிட்டு மல்லாந்து கிடக்கும் நேரம். ஜீலாலி மட்டும் செத்த பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கொட்டகையின் பின்கதவு வழியாக நுழைந்தார். நாளைக் காலை பத்து மணிக்குப் பறப்பதாக ஏற்பாடு. இதுதான் கடைசி வாய்ப்பு.

விமானத்தின் மூக்குக்குக் கீழே ஒரு ஜோடி மஞ்சள் செருப்பு தெரிந்தது. செருப்புக்குள் கால் இருந்தது. மேலே முனகல் கேட்டது.

“ஐயா?”

ஸ்பேனர் கீழே விழுந்தது. சீ தாமி என்ஜினுக்குள்ளிருந்து தலையை வெளியே இழுத்தார். நீதிமன்றத்தில் ஆயிரம் திருடர்களைப் பார்த்தவர், அந்த ஆயிரம் பேரின் முழியையும் சேர்த்து முழித்தார்.

“என்ன பண்றீங்க ஐயா?”

“நானா? சும்மா, பிளக் வயர் இறுக்கமா இருக்கான்னு...”

“நீங்க கழட்டிக்கிட்டு இருக்கறது பிளக் வயர் இல்ல. எண்ணெய் ஊத்தற மூடி.”

சீ தாமி குனிந்து உற்றுப் பார்த்தார். பிறகு விமானத்தின் சக்கரத்தின் மேல் மெதுவாக உட்கார்ந்துவிட்டார்.

“செவ்வாய்க்கிழமை சரியாத்தான் கழட்டினேன்,” என்றார் தாழ்ந்த குரலில். “வலது பக்கம். மூணு சுத்து. தடவித் தடவிப் பார்த்துக் கழட்டினேன்.”

“அது நீங்களா?” ஜீலாலிக்கு முதலில் வந்தது கோபமில்லை, நிம்மதி. “ஐயா, எனக்குக் கை போயிடுச்சுன்னு நேத்து ராத்திரி பூரா தூக்கமில்ல!”

“உனக்குக் கை போகல ஜீலாலி. எனக்குத்தான் கண்ணு போச்சு.” அவர் கைகளைப் பிசைந்துகொண்டார். “உங்கிட்ட எப்படிச் சொல்றது? முப்பது வருஷமா எனக்காக இந்தக் கழுதையைப் பிழைக்க வச்சுக்கிட்டு இருக்க. இனிமே பறக்க முடியாதுன்னு சொன்னா நீ என்ன ஆவ? அதோட, ஊருக்கு முன்னால பத்தூலுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். அவளைக் கூட்டிக்கிட்டுப் போய் எங்கயாவது மோதிட்டேன்னா?” கீழே விழுந்த ஸ்பேனரைத் தேடித் தரையைத் தடவினார். “அதான், மேக்னெட்டோ மேல பழியைப் போட்டுடலாம்னு.”

ஜீலாலி அவர் அருகே குனிந்தார். சட்டைப் பையிலிருந்து செத்த பிளக்கை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். நீதிபதி அதைத் தடவிப் பார்த்தார். கரி விரலில் ஒட்டியது. புரிய நான்கு வினாடி ஆயிற்று.

“இடது... நீயா?”

“நான்தான்.”

“அடப்பாவி! உனக்கு எப்பத் தெரியும் எனக்குக் கண்ணு தெரியலைன்னு?”

“பெட்ரோல் பீப்பாய்கிட்ட வீட்டு சௌக்கியம் விசாரிச்சீங்களே, அன்னிக்கே.”

“அது பீப்பாயா?” சீ தாமி எழுந்தே விட்டார். “ஹம்மாதி மரியாதை இல்லாம பதில் சொல்லாம நிக்கறான்னு மூணு நாள் அவன்கூடப் பேசாம இருந்தேனே!”

அவ்வளவுதான். இரண்டு கிழவர்களும் விமானத்தின் இறக்கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு எப்போது அழுகையாயிற்று என்று இருவருக்கும் தெரியவில்லை. அழுது முடித்ததும் ஜீலாலி மூடியைத் திருகி, எல்லாத் திருகையும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, என்ஜினை ஓட்டிச் சோதித்தார். இடது ஐம்பது இறங்கியது. வலதும் ஐம்பது. இந்தக் கழுதை பிறந்த நாளிலிருந்து இப்படி ஓடியிருக்காது. ஓட்ட ஆளில்லாத நேரம் பார்த்து அதற்கு இளமை திரும்பியிருந்தது.

“இனிமே பொய் வேண்டாம் ஐயா. நாளைக்கு லல்லாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க.”

“நீ பக்கத்துல நிக்கணும்.”

“நிக்கறேன்.”

சனிக்கிழமை ஒன்பதரைக்கு லல்லா பத்தூல் வந்து சேர்ந்தார். மேலே நல்ல நீலக் கம்பளி அங்கி, கீழே ஓட்டப்பந்தயக் காலணி. ஒரு கூடையில் ரொட்டி, அவித்த முட்டை, ஒலிவக்காய். தோளில் கைப்பை. முகத்தில் வாந்திக்குப் பயப்படுகிறவரின் அறிகுறி எதுவும் இல்லை.

சீ தாமி இரவெல்லாம் மனப்பாடம் செய்திருந்த வாக்குமூலத்தைத் தொடங்கினார்.

“பத்தூல், ஒரு மனுஷனுக்கு வாழ்க்கையில சில சமயம்...”

“என்ஜின் எப்படி இருக்கு தம்பி?” என்று ஜீலாலியிடம் கேட்டார் அவர்.

“ரெண்டு பக்கமும் ஐம்பதுதான் இறங்குது லல்லா. ஆனா...”

“பத்தூல், நான் பேசறேன். எனக்குக் கண்ணு தெரியல.” நீதிபதி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தார். “ஒரு வருஷமாத் தெரியல. உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. இனிமே யாரையும் கூட்டிக்கிட்டுப் போக முடியாது. இன்னிக்கோட விட்டுட்டேன். என்னை மன்னிச்சுடு.”

ஜீலாலி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். லல்லா பத்தூல் கணவரின் அங்கிக் காலரில் ஒட்டியிருந்த ரொட்டித் துணுக்கைத் தட்டிவிட்டார்.

“கறிக்கடைல தராசு முள்ள ஒரு வருஷமா நான்தானே படிச்சுச் சொல்றேன். மருந்து பாட்டில் மேல இருக்கறதப் படிச்சுச் சொல்றது யாரு? எனக்குத் தெரியாம உங்களுக்கு எப்படிங்க கண்ணு போகும்? நீங்களாச் சொல்லட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன்.” அவர் காலரை ஒருமுறை நீவிவிட்டார். உடனே வானத்தைப் பார்த்தார். “சரி, நேரமாச்சு. வெயில் ஏறினா தோப்பு மேல காத்து தூக்கித் தூக்கிப் போடும். ஏறுங்க.”

சொல்லிவிட்டுக் கூடையைப் பின்னால் வைத்தார். அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இறக்கையில் கால் வைத்து ஏறி, இடது இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

“பத்தூல், அது ஓட்டறவங்க உக்கார்ற இடம்,” என்றார் சீ தாமி. “நான் இப்பத்தானே சொன்னேன், நான் ஓட்டலைன்னு.”

“கேட்டுச்சு. நீங்க அந்தப் பக்கமா வந்து ஏறுங்க. கதவ மெதுவா சாத்துங்க, பழைய கதவு.” பிறகு கைப்பையிலிருந்து ஒரு புத்தம் புது அட்டையை எடுத்து ஜீலாலியிடம் நீட்டினார். “இதைச் சங்கத்து நோட்டுல எழுதிக்கோங்க தம்பி.”

ஜீலாலி நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அட்டையில் லல்லா பத்தூலின் படம் இருந்தது. தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

அவர் முதல் வரியைப் படிப்பதற்குள், தளும்பத் தளும்பச் சிவப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு ஹம்மாதி மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தான்.

“லல்லா, காஸாபிளாங்கா சங்கத்துல நீங்க தனியா ஓட்டி இறங்கின அன்னிக்கே எங்க மச்சான் உங்க தலையில ஒரு வாளி ஊத்திட்டானாமே! அப்ப இந்தத் தண்ணிய நான் யார் தலையில ஊத்தறது?”